இருபத்தேழாம் ஆணி

செப்டம்பர் 8, திங்கள்

இருபத்தேழு போய்விட்டான். மூன்றரை மணிக்கு அவனுடைய அம்மா வந்து டோக்கனைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். "அவங்கப்பாவுக்கு வேற ஊர்ல வேலை மிஸ். நாளைக்குக் கிளம்பறோம். மறந்து வீட்டுக்கு எடுத்துட்டு வந்த டோக்கனைத் திருப்பிக் குடுத்தாத்தான் வண்டி ஏறுவேன்னு ஒரே அடம்." பையன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாம் வகுப்பு. பின்னக் கணக்கை எல்லாரையும்விட வேகமாகப் போடுவான். போட்டு முடித்ததும் யாரும் பார்க்காதபடி கையால் மூடிக்கொள்வான்.

டோக்கனை ஒருங்கிணைப்பாளரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"மாட்டிடுங்க மிஸ்."

"அவன் போயிட்டானே சார்."

"ஆணி போகலையே."

பள்ளி மூன்று இருபதுக்கு விடுகிறது. பெற்றவர்கள் வேலை முடிந்து வர ஆறாகிறது. நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரத்துக்கு யாருக்கும் வேண்டாத பிள்ளைகளை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள். வீட்டுப்பாடம், பால், பிஸ்கட், கேரம் போர்டு. அறக்கட்டளையின் அறிக்கையில் இதற்குப் பெயர் 'பள்ளிக்குப் பிந்தைய வளர்ச்சி மையம்'. பள்ளிக்குப் பின்னால், மண்மேட்டை ஒட்டி நிற்கிற பழைய கட்டடத்தைத் தலைமையாசிரியர் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். அவர்களுக்கு வேண்டாத கட்டடம், வேண்டாத பிள்ளைகள், வேலை கிடைக்காத நான். பொருத்தம்.

வாசலில் ஆணிப்பலகை. நாற்பது ஆணி. பிள்ளை வந்ததும் தன் எண் போட்ட டோக்கனைத் தன் ஆணியில் மாட்ட வேண்டும், போகும்போது எடுத்து டப்பாவில் போட வேண்டும். நாலே காலுக்கு ஒருங்கிணைப்பாளர் பலகையைப் படம் எடுத்து அறக்கட்டளை அலுவலகத்துக்கு அனுப்புவார். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாதாம், அவர்களுடைய கண்ணியம் கெட்டுவிடுமாம். ஆகவே ஆணிகளைப் படம் எடுக்கிறோம். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் நாற்பதுக்குக் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள்.

மாட்டினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

27. மஞ்சள் பிளாஸ்டிக். விளிம்பில் பல் தடம். உட்கார்ந்து கடித்திருக்கிறான்.

செப்டம்பர் 17, புதன்

பின்பக்கத்துப் படிக்கிற அறையில் சாவி அக்கா ஸ்டூல் போட்டு ஏறி நின்று சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து ஆள் அவள். பெருக்குவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவள்தான். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி. அவள் வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வந்துவிடும்; எட்டாம் வகுப்புப் பையன்கள் கேரம் காய்களை அள்ளி மறைக்க அந்த அவகாசம் போதும்.

சுவரில் ஒரு விரிசல். ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும். அதற்குக் குறுக்கே, பரீட்சைத் தாளில் கிழித்த நீளத் துண்டுகள், கோந்து போட்டு ஒட்டியது. ஒவ்வொன்றிலும் பேனாவால் தேதி.

"என்னக்கா, சுவருக்குக் கட்டா?"

"சிரிங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு வருஷம் சித்தாள் வேலை பாத்திருக்கேன். கட்டடம் பொய் சொல்லும் மிஸ், காகிதம் சொல்லாது. சுவர் நகர்ந்தா இது கிழியும்."

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா நானும் நகர்ந்துடுவேன்." சிரித்துவிட்டு இறங்கினாள். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

புதிதாக ஒரு ஆறாம் வகுப்புப் பெண். ஆள் விரல் அளவு, குரல் மட்டும் காதுக்குள்ளேயே கேட்கும். வந்த பத்து நிமிடத்தில் 'கொசு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபப்படாமல் "ஙொய்ங்" என்று காட்டினாள்.

அம்மாவுக்கு ஆறு மணி வரை வேலை. "வீட்டுல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். "சித்தப்பா இருக்கார்" என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, "அம்மா வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன் மிஸ். மூடிட மாட்டீங்கல்ல?" என்றாள்.

மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே போய்ச் சொல்வது? யாருக்கு அதற்கு நேரம் இருக்கிறது? ஆறு மணி வரை கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். எங்களால் முடிந்தது அதுதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

இப்போது ஒன்பது. இரண்டு பேர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டார்கள். மூன்று பேர் டியூஷனுக்கு. மற்றவர்கள் காரணம் சொல்லாமலே. நிஜத்தில் வருவது முப்பத்தொரு பேர். ஒன்பது டோக்கன்களை நான் நாலு பத்துக்கு மாட்டுகிறேன், ஐந்தே முக்காலுக்கு எடுத்து டப்பாவில் போடுகிறேன். எடுத்தே ஆக வேண்டும். ஆணியில் ஒன்று தொங்கினாலும் சாவி அக்கா கட்டடத்தைப் பூட்ட மாட்டாள். அது அவளுடைய சட்டம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

பிள்ளைகளுக்குத் தெரியும். அதை வைத்து விளையாடவும் ஆரம்பித்துவிட்டார்கள். படிக்கிற அறையில் மூலை நாற்காலி ஒன்றைக் காலியாக விட்டு, "அது இருபத்தேழோட இடம், உக்காராத" என்று கொசுவை மிரட்டி வைத்திருக்கிறார்கள். "அவன் ரொம்ப வெக்கப்படுவான். ஆள் வந்தா மேசைக்கடியில போயிடுவான். கணக்குல புலி." கொசு தினமும் தன் பிஸ்கட்டில் பாதியை அந்த நாற்காலியில் வைக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் இருக்காது. எட்டாம் வகுப்புத் தடியன்கள் தின்றுவிடுகிறார்கள்.

"மிஸ், இன்னைக்கும் சாப்ட்டுட்டான்!" அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் டோக்கன் தொங்குகிறது என்று கேட்பாள்.

அக்டோபர் 15, புதன்

மறந்துவிட்டேன். ஒன்றே ஒன்றை. அதுவும் அதையே.

ஏழரைக்குப் போன். "மிஸ், இருபத்தேழு இன்னும் போகல. கட்டடம் பூரா தேடிட்டேன். கக்கூஸ், மாடிப்படி, மேசைக்கடி, எல்லாம். மண்மேட்டுப் பக்கமும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். யாரு வீட்டுப் பிள்ளை மிஸ் அது? அவங்கம்மா நம்பர் குடுங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு.

"வீட்டுக்குப் போயிட்டான்க்கா. டோக்கனை எடுக்க மறந்திருப்பான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அப்புறம் திட்டினாள். என்னை அல்ல, அவனை. "நாளைக்கு வரட்டும், காதைத் திருகி ஆணியிலயே மாட்டறேன். ரெண்டு மணி நேரமா உசுரு என்கிட்ட இல்ல."

என் தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அம்மா, "யாருடி போன்ல?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். முதலில் ஒருங்கிணைப்பாளரிடம்.

அவர் ஒரு பையின் ஜிப்பைக் குறட்டால் சரி செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளின் பை ஜிப் எல்லாம் அவர்தான் பார்ப்பார், யாரும் கேட்காமலே. கெட்டவர் என்றால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்.

"அக்காகிட்டயாவது சொல்லிடலாம் சார். பாவம், நேத்து..."

"அக்கா ஸ்கூல் ஆளு. அவங்களுக்குத் தெரிஞ்சா தலைமையாசிரியருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா அறக்கட்டளைக்குத் தெரியும். அப்புறம் மூணு இருபதுக்கு அந்தக் கொசுவை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஓடியது.

"நாம யாரையும் ஏமாத்தல மிஸ். அவங்க ஆணியைக் கேக்கறாங்க. குடுக்கறோம்."

சாவி அக்கா சாயங்காலம் வாசலில் நின்றாள். "எங்க அந்தத் துரை?" "லீவுக்கா." "பயந்துட்டான்" என்று சிரித்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

இரண்டு காகிதம் கிழிந்திருக்கிறது. கிழிசல் சுத்தமாக, நடுவில், யாரோ கத்தரி வைத்ததுபோல.

அக்கா தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு பொறியாளரை வரவழைத்தார். பொறியாளர் சுவரை விரல் மடக்கித் தட்டினார், கதவைத் தட்டுகிற மாதிரி. "பூச்சு வெடிப்புதான். பழைய கட்டடம்னா இருக்கும்." ஏழு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காகிதம் கிழிஞ்சிருக்கே சார்" என்றாள் அக்கா.

"காகிதம்தானம்மா, கிழியத்தான் செய்யும்."

அவர் போனதும் அக்கா மூன்றாவது காகிதத்தை ஒட்டினாள். இன்றைய தேதி. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க அறக்கட்டளைக்கு எழுதிப் போடுங்க மிஸ். படிச்சவங்க எழுதினா கேப்பாங்க."

எழுதினேன். பதில் வந்தது, அன்றே. 'வருகைப் பதிவு சிறப்பாக உள்ளது, பாராட்டுகள்' என்று தொடங்கியது. கட்டடம் பள்ளியின் பொறுப்பு என்று முடிந்தது.

நவம்பர் 5, புதன்

அவசர வெளியேற்ற ஒத்திகை. மணி அடித்ததும் எல்லாரும் மைதானத்துக்கு. அக்கா பலகையைப் பார்த்து, ஒவ்வொருவராக எண் சொல்லச் சொல்லி, தலையை எண்ணினாள். முப்பத்தொரு டோக்கன், முப்பத்தொரு தலை. ஒன்பதையும் ஒருங்கிணைப்பாளர் காலையிலேயே எடுத்து மேசை டிராயரில் போட்டிருந்தார்.

"பாத்தீங்களா, பலகை தப்பவே தப்பாது" என்றாள் அக்கா. அவளுக்குப் பெருமை. ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

மணி அடித்து முடிந்து நாலே காலுக்கு ஒன்பதும் ஆணிக்குத் திரும்பின.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. படிக்கிற அறைக் கதவு பாதிதான் திறக்கிறது. மழையில் மரம் ஊறியிருக்கும் என்கிறார் ஒருங்கிணைப்பாளர். கதவு இரும்பு.

நவம்பர் 12, புதன்

கதவு திறக்கவே இல்லை. எல்லாரையும் முன்கூடத்தில் நெருக்கி உட்கார வைத்தேன். கொசு கதவுக்குக் கீழே பிஸ்கட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 13, வியாழன்

எழுத முடியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்துவிடும்.

நாலே முக்கால் இருக்கும். பின்னால் லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். யாரோ லாரி கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை. விளக்கு போயிற்று. பின்பக்கத்திலிருந்து புழுதி உருண்டு வந்தது, ஈரப் புழுதி, மண் வாடை. "எந்திரிங்க! பையை விடுங்க! மைதானத்துக்கு!" ஒத்திகையில் செய்த மாதிரியே செய்தார்கள். ஒருவரையொருவர் தள்ளக்கூட இல்லை. அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

மைதானத்தில் எண்ணினேன். முப்பத்தொன்று. எல்லாரும். படிக்கிற அறையில் யாரும் இல்லை. கதவே திறக்கவில்லை, யார் போயிருக்க முடியும்? எனக்குத் தெரியும். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சாவி அக்கா பள்ளிப் பக்கமிருந்து மழையில் ஓடி வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்று பலகையைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தாள்.

"எண் சொல்லுங்க! ஒவ்வொருத்தரா!"

சொன்னார்கள். அவள் விரல் மடக்கினாள்.

"மிஸ், முப்பத்தொண்ணு. அங்க நாப்பது தொங்குது."

தலைமையாசிரியர் குடையோடு வந்து பக்கத்தில் நின்றுவிட்டார். ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

நான் சொன்னேன்: "கொஞ்சம் பேர் முன்னாடியே வீட்டுக்குப் போயிருப்பாங்கக்கா."

"டோக்கனை எடுக்காமலா? ஒம்பது பேருமா?"

அப்போதுதான் கொசு அலறினாள். "இருபத்தேழு உள்ள இருக்கான்! படிக்கிற ரூம்ல! பிஸ்கட் வச்சேன், ரெண்டு நாளா அவன் எடுக்கவே இல்ல!"

எட்டாம் வகுப்புப் பையன்களின் முகம் வெளுத்துப்போனது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பெரியவள் நான்தானே.

அக்கா சாவிக்கொத்தை அவிழ்த்து என் கையில் திணித்தாள். "இது இடிக்கும். புடிங்க."

"போகாதீங்கக்கா."

'போகாதீங்க' என்றேன். 'அங்கே யாரும் இல்லை' என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றே அல்ல. யாரும் இல்லக்கா. மூணே வார்த்தைகூட இல்ல. ரெண்டு. ரெண்டு வார்த்தை என் வாய்ல வரல. குடை பிடிச்சவர் கேட்டுடுவார்னு. வேலை போயிடும்னு. இல்ல, கொசுவுக்காகத்தான். இல்ல. வேலைதான். ரெண்டும்தான்.

திறக்காத அந்தக் கதவு சரிவில் சட்டத்தோடு பெயர்ந்திருக்க வேண்டும்; அவள் குரல் உள்ளேயிருந்து கேட்டது. ஜன்னல் வழியாக, தெளிவாக. "கண்ணு! இருபத்தேழு! அக்கா வந்துட்டேன், திட்ட மாட்டேன், குரல் குடுடா!"

அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

நான் ஓடினேன். வாசற்படி வரைக்கும் ஓடினேன். "யாரும் இல்லக்கா!" என்று கத்தினேன். அப்போது கத்தினேன். அதே நேரம் சுவர் முழுதாக வந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கால் கதவுச் சட்டத்துக்கு அடியில்.

நவம்பர் 20, வியாழன்

பத்திரிகையில் வந்துவிட்டது. 'ஒன்பது மாணவர்களின் உயிர் காத்த துப்புரவுப் பணியாளர்.'

எப்படி? நிருபர் பலகையைப் பார்த்தார்: நாற்பது. மைதானத்தில் முதலில் நின்றது எத்தனை என்று தலைமையாசிரியரிடம் கேட்டார்: முப்பத்தொன்று. இறந்தவர் யாராவது? இல்லை. அப்படியானால் மீதி ஒன்பது பேரை அவள்தான் வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு.

யாரும் பொய்கூடச் சொல்லவில்லை. கழித்தார்கள்.

டிசம்பர் 3, புதன்

ஆஸ்பத்திரி. நீளமான வார்டு, மருந்து வாடை, சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் தாமதம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். போர்வை அந்த இடத்தில் சட்டென்று தட்டையாகிவிடுகிறது. நான் அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். பக்கத்துல வாங்க." பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள். அக்கா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒம்பது பிள்ளைங்களக் காப்பாத்தினேன்னு எல்லாரும் வந்து கையெடுத்துக் கும்புடறாங்க. எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. உள்ள போனேன், கூப்பிட்டேன், மேசைக்கடியில பாத்தேன். யாரும் இல்ல. ஒரு பிஸ்கட் கெடந்துச்சு, அதான் ஞாபகம் இருக்கு. தலையில அடிபட்டதுல புத்தி கலங்கிடுச்சா மிஸ்? டாக்டர்கிட்ட கேக்கப் பயமா இருக்கு. பைத்தியம்னு எழுதிட்டா வேலை போயிடும்."

நான் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"மயக்க மருந்துக்கா. அப்படித்தான் இருக்கும். போகப் போக ஞாபகம் வரும்."

"வருமா?"

"வரும்."

சுளையை வாயில் வைத்தேன். மென்றாள், என்னையே பார்த்துக்கொண்டு.

டிசம்பர் 19, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். ஒன்பது எண்கள், ஒன்பது பெயர்கள், 'மீட்கப்பட்டனர்'. பாராட்டுச் சான்றிதழுக்குத் தேவையாம். போடாவிட்டால் அக்காவுக்குப் புது மையத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தர முடியாதாம். எப்படிக் கட்டுகிறார்கள் பாருங்கள் முடிச்சை. யார் கழுத்தில் எது இறுகுகிறது என்றே தெரியாதபடி.

பொறியாளரின் அறிக்கை: எதிர்பாராத மழை. அக்காவின் காகிதங்கள் சுவரோடு போய்விட்டன.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்றாள். அப்புறம் அவளுக்கே கூசிப்போய் விளக்கை அணைக்கப் போய்விட்டாள். மணி ஏழுகூட ஆகவில்லை.

ஜனவரி 12, திங்கள்

புது மையம். வாடகைக் கூடம், வெள்ளைச் சுவர், விரிசல் இல்லை. வாசலில் அதே பலகை. கட்டடத்தில் ஒன்றும் ஆகாமல் வந்த ஒரே பொருள்.

ஒருங்கிணைப்பாளர் தலைமை அலுவலகத்துக்கு உயர்ந்துவிட்டார். இனி நாலே கால் படங்கள் அவருக்குப் போகும். எடுத்து அனுப்புவது நான். ஆம், ஒருங்கிணைப்பாளர் நான்தான் இப்போது. மேசைக்குள் அவருடைய குறடு இருந்தது.

ஐந்து பெற்றோர் பயந்து பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். வருவது இருபத்தாறு. நான் மாட்டுவது பதினாலு.

கொசு பேசுவதில்லை. 'ஙொய்ங்' இல்லை. இன்று மட்டும் பலகைக்குக் கீழே நின்று கேட்டாள்.

"இருபத்தேழு செத்துட்டானா மிஸ்?"

"இல்லடா. அவன் வேற ஊருக்குப் போயிட்டான்."

அண்ணாந்து பார்த்தாள். "தொங்குறானே."

மார்ச் 2, திங்கள்

சாவி அக்கா வேலைக்கு வந்தாள். இரண்டு கட்டை, ஒரு கால், இடுப்பில் புதுக் கூடத்துச் சாவி. வாசலில் பலகைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல் சட்டம் போட்ட சான்றிதழ். பிள்ளைகள் பக்கத்தில் வரப் பயந்தார்கள். "என்னடா, ஒரு காலை எண்ணிட்டு இன்னொண்ணைத் தேடறீங்களா?" என்றாள். கொசு சிரித்துவிட்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

நாலு பத்துக்குப் பதினாலையும் மாட்டினேன். அக்கா கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பார்த்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 4, புதன்

பிள்ளைகள் வரும்போது அக்கா ஒவ்வொருவரிடமும் எண் கேட்கிறாள். விளையாட்டுப்போல.

மார்ச் 6, வெள்ளி

நாலு பத்து. டப்பாவை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். அக்கா கட்டையைக் குறுக்கே நீட்டினாள்.

"நாலு நாளா பாக்கறேன். இருபத்தாறு கை வந்து மாட்டுது. பதினாலை மாட்டறது உங்க கை."

கூடத்துக்குள் கேரம் காய் சத்தம். நான் நின்றேன்.

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக் கிளறினாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். மஞ்சள்.

"பல் தடம் இருக்கு. நிஜப் பிள்ளைதான் போல."

"நிஜம்தான்க்கா. செப்டம்பர்லயே ஊரை விட்டுப் போயிட்டான்."

"செப்டம்பர்." விரல் மடக்கினாள். அக்டோபர், நவம்பர். மைதானத்தில் மழையில் மடக்கிய அதே விரல்கள். "அப்ப நான் டார்ச் அடிச்சுத் தேடினேனே?"

"அப்பவும் இல்லக்கா."

"சுவர் விழுந்தன்னைக்கு?"

"யாரும் இல்லக்கா."

அந்த இரண்டு வார்த்தை. நான்கு மாதம் கழித்து, உலர்ந்த கூடத்தில், ஒரு சிரமமும் இல்லாமல் வந்துவிட்டது.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கட்டையால் அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. "அப்ப என் புத்தி சரியாத்தான் இருக்கு" என்றாள். என்னிடம் அல்ல. பிறகு நாற்காலியில் ஊன்றி எழுந்து, சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பி, தரையில் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தாள். உட்கார்ந்தாள். டப்பாவை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"படம் எடுங்க. நாலே கால் ஆயிடுச்சு."

எடுத்தேன். இருபத்தாறு டோக்கன், பதினாலு வெறும் ஆணி. ஆணிகளின் நிழல்கூட விழுந்தது. அனுப்பினேன்.

மூன்றாவது நிமிடம் போன். "மிஸ், படத்துல ஏதோ தப்பா இருக்கே. மறுபடி எடுத்து அனுப்புங்க."

"தப்பு இல்ல சார். எண்ணிப் பாருங்க."

"மூணு மாசம்தான் மிஸ். தெரியும்ல?"

"தெரியும் சார்."

கொசு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. மார்ச், ஏப்ரல், மே என்று நானும் விரல் மடக்கினேன்.

ஆறு மணிக்கு ஆணிகள் எல்லாம் காலி. அக்கா ஒருமுறை பலகையைப் பார்த்தாள், சாவியை எடுத்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"நகருங்க, பூட்டணும்" என்றாள்.